மாரியில் விரிந்த குறூப்: திருகோணமலையில் ஒரு .22 றைபிளின் நிகழ்வு ஆய்வு

துவக்கும் அதன் குறையும்

50 மீட்டர் இலக்குச் சூட்டுக்குப் பயன்படும் .22 எல்.ஆர். (லோங் றைபிள் என்ற சிறு தோட்டா) போல்ட் றைபிள் இது. போல்ட் என்பது தோட்டா உட்காரும் அறையைக் கையால் திறந்து மூடும் உருளை. தனிச்சூட்டு வகை. கனத்த குழல், வால்நட் மரக்கட்டை. பாவிக்கத் தொடங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல். கோடை முழுவதும் ஐந்து சூட்டுக் குறூப் (ஐந்து துளையும் சேர்ந்த கூட்டத்தின் விரிவு) சராசரியாக 14 மி.மீ.க்குள் நின்றது. நவம்பரில் வாடைக்காற்றோடு மழை பிடித்த பிறகு அதே துவக்கு ஒரு குறூப்பை 13 மி.மீ.க்குள் அடிக்கும், அடுத்ததை 38 மி.மீ.க்கு விரிக்கும். சில நாட்களில் குறூப் முழுதாகவே இடப்பக்கம் நகர்ந்து விழுந்தது.

முற்றாகக் கெட்ட துவக்கில் பிழை பிடிப்பது லேசு. இடைக்கிடை நன்றாகவும் இடைக்கிடை மோசமாகவும் சுடுகிற துவக்குத்தான் ஆளை அலைக்கழிக்கும். ஒவ்வொரு நல்ல குறூப்பும் "சரி, பிழை போய்விட்டது" என்று நம்ப வைக்கிறது. இங்கே நடந்ததும் அதுதான். இரண்டு கிழமைக்குள் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாற்றப்பட்டது, மூன்று வகைத் தோட்டா மாறி மாறிப் போடப்பட்டது, ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முதல்நாள் குழல் கரைப்பான் விட்டுத் தேய்த்துக் கழுவப்பட்டது. எது எதை மாற்றியது என்று சொல்ல வழியில்லாமல் போனது. ஆய்வின் முதல் வேலை இந்த மூன்றையும் நிறுத்தி, துவக்கை ஒரே நிலையில் வைத்து அளப்பதாக இருந்தது.

கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் போல்டைக் கழற்றி, அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டு வெறுமை என்று உறுதி செய்த பிறகுதான் அடுத்த வேலை. தோட்டா அறைக்குள் போகும் எந்தச் சோதனையும் சுடுதளத்தில், குழல்வாய் இலக்கைப் பார்த்தபடி மட்டுமே செய்யப்பட்டது.

அடிநிலை அளவு

காலை 6 மணியிலிருந்து 7.30 வரை, கடற்காற்று எழும்புவதற்கு முந்திய நேரம் தெரிவு செய்யப்பட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் மணல் மூட்டை. சூட்டுக் கோட்டிலிருந்து 10, 25, 40 மீட்டரில் ஒவ்வொரு காற்றுக்கொடி: மெல்லிய றிபனைத் தடியில் கட்டினாலே போதும். ஒரே லொட் இலக்கத் தோட்டா (ஒரே தயாரிப்புத் தொகுதி) 50. ஐந்தைந்தாகப் பத்துக் குறூப். ஒவ்வொரு சூடும் எத்தனையாவது, எங்கே விழுந்தது என்று கொப்பியில் குறிக்கப்பட்டது.

ஏன் பத்துக் குறூப்? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான தவறான முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. சராசரி 15 மி.மீ. அடிக்கும் குறையே இல்லாத துவக்குக்கூட, தற்செயலின் கணக்கிலேயே ஒரு குறூப்பை 9 மி.மீ.யிலும் இன்னொன்றை 22 மி.மீ.யிலும் காட்டும். ஒரு குறூப்பை வைத்து "தோட்டா மாற்றியதும் திருந்திவிட்டது" என்று சொன்னால் அது நாணயம் சுண்டிப் பார்த்ததற்குச் சமம். பத்துக் குறூப்பின் சராசரி நகர்ந்தால்தான் ஏதோ உண்மையிலேயே மாறியிருக்கிறது.

தோட்டா விலையும் தட்டுப்பாடும் தெரிந்ததுதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து சூடு போட்டுப் பத்து மாற்றம் செய்தால் 50 தோட்டாவும் வீண். ஒரே மாற்றத்துக்கு 50 போட்டால் ஒரு விடையாவது கையில் நிற்கும். செலவைக் குறைக்க இன்னொரு வழி, ஐந்து இலக்குத் தாளையும் மையம் பொருத்தி ஒரே ட்ரேசிங் தாளில் படியெடுப்பது. 25 துளையும் ஒரு படத்தில் சேர்ந்ததும், தனித்தனித் தாளில் தெரியாத வடிவம் தெரியவரும்.

இந்தத் துவக்கில் அந்தப் படம்தான் கதவைத் திறந்தது. பத்துக் குறூப்பின் சராசரி 25 மி.மீ. 50 துளையையும் சேர்த்துப் பார்த்தபோது மேல்கீழ் விரிவு, இடம்வலம் விரிவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்தோடு கடைசி நான்கு குறூப்பின் மையம் முதல் ஆறின் மையத்தைவிட இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஆக இரண்டு குறிகள்: மேல்கீழாக நீளும் சிதறல் ஒன்று, மெல்ல நகரும் மையம் மற்றது. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கத் தேவையில்லை. இருக்கவுமில்லை.

மேல்கீழ்ச் சிதறல் என்ன சொல்கிறது

வழமையான 40 கிறெயின் சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து பறக்கும் ஈயக் குண்டு (ஏறத்தாழ 2.6 கிராம்), விநாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 50 மீட்டரைக் கடக்க 0.16 விநாடி எடுக்கும். அந்த நேரத்தில் அது 12 செ.மீ.க்கு மேல் தாழும். புறப்படும் வேகம் 10 மீட்டர் குறைந்தால் தாழ்வு இன்னும் 8 மி.மீ. கூடும். சர்வதேச 50 மீட்டர் றைபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ.; அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே 8 மி.மீ. ஆகவே வேகத்தில் 10 மீட்டர் வித்தியாசம் என்பது சுடுபவர் எந்தப் பிழையும் விடாமலே போகும் ஒரு புள்ளி.

அதனால் மேல்கீழ்ச் சிதறல் தெரிந்தால் வேகத்தைக் குலைக்கும் இடங்களை முதலில் சந்தேகிக்க வேண்டும். அவை தோட்டா, அதைப் பற்றவைக்கும் போல்ட் ஊசியின் அடி, அறையின் முன்பகுதி. ஸ்கோப்பைக் கடைசியில் பார்த்தால் போதும்.

இருந்தாலும் ஸ்கோப்பை ஒரு வேலையோடு ஒதுக்கிவிடலாம். நன்றாகச் சுடும் இன்னொரு .22 இல் இருந்த ஸ்கோப்பை இதில் பூட்டி இரண்டு குறூப், இதன் ஸ்கோப்பை அதில் பூட்டி இரண்டு குறூப். கோளாறு துவக்கோடே நின்றது, ஸ்கோப்போடு போகவில்லை. நாலு குறூப்பில் சின்ன வித்தியாசம் தெரியாதுதான். ஸ்கோப் உள்ளே உடைந்திருந்தால் தெரியும் வித்தியாசம் சின்னதல்ல. இடையில் பரலக்ஸ் சரிதானா என்றும் பார்க்கப்பட்டது: துவக்கை மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டும்போது குறுக்குக்கோடு இலக்கில் அசையக் கூடாது. 100 மீட்டருக்குப் பொருத்திய 40 மி.மீ. ஸ்கோப்பை 50 மீட்டரில் பாவித்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது 10 மி.மீ. வரை பிழை வரலாம். வேட்டை ஸ்கோப்பை .22 இல் பூட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மரக்கட்டை: மழை குடித்த மரம்

மையம் நகர்வதற்கான காரணம் கட்டையில் கிடைத்தது. குழலுக்கும் கட்டையின் முன்பகுதிக்கும் நடுவே காகிதக் கீற்று ஒன்றை நுழைத்து, முன்னுனியிலிருந்து பின்னுக்கு இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. சாதாரண 80 கிராம் தாள் அக்ஷன் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) வரை தடையின்றிப் போக வேண்டும். இங்கே அது அக்ஷனுக்கு 9 செ.மீ. முன்னால் வலப்பக்கத்தில் நின்றுவிட்டது. கோடையில் இடைவெளி இருந்த இடம்தான் அது. மரம் ஊதிக் குழலை வலப்பக்கமிருந்து நெருக்க, குழல் இடப்பக்கம் தள்ளுப்பட்டது. சுடச் சுடக் குழல் சூடேறும்போது அந்த நெருக்கம் மாறுவதால் காலை தொடங்கிய மையம் முடியும்போது வேறிடத்தில் நின்றது.

கட்டையைக் கழற்றியதும் ஊதியதன் காரணம் வெளிப்படை. வெளிப்பக்கம் பளபளவென்று வார்னிஷ். உள்வாய், குழல் படுக்கும் பள்ளம், திருகாணித் துளை எல்லாம் பூச்சே படாத பச்சை மரம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலோரத்து ஈரப்பதத்தில் பச்சை மரம் நீர் குடிக்காமல் என்ன செய்யும்? பெட்டிக்குள்ளே போட்டிருந்த ஸ்பொன்ஜ் மெத்தையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கூட்டாக வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது அளவு டயல் கேஜில் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி). அதன் காந்தக் காலைக் குழலில் பொருத்தி, முனை கட்டையின் நுனியைத் தொடும்படி வைத்து, முன் திருகாணியை மெல்லத் தளர்த்தினால் முள் அசையும் அளவுதான் அக்ஷன் வளைந்து பூட்டப்பட்டிருக்கும் அளவு. 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பேசாமல் விடலாம். இங்கே 0.18. கையேடு கேட்ட முறுக்குவிசை 5 நியூட்டன் மீட்டர். பூட்டியிருந்ததோ "கை இறுகும் மட்டும்". மரம் ஊதியபோது அதே திருகாணி இன்னும் இறுகிப்போனது.

திருத்தம் அவசரத்தில் செய்யப்படவில்லை. கட்டை தனியாக, வெயிலோ நெருப்போ படாமல், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் மூன்று கிழமை கிடந்தது. வெயிலில் காய வைத்தால் மரம் முறுகி, பிறகு எந்த அளவும் நிற்காது. காய்ந்த பிறகு குழல் பள்ளத்தை உருளைக் கட்டையில் சுற்றிய 120 ஆம் இலக்க மண்தாளால் தேய்த்து, சுற்றிவர 1.5 மி.மீ. இடைவெளி எடுக்கப்பட்டது. பிறகு உள்வாய் முழுவதற்கும், திருகாணித் துளைக்குள்ளும், தண்ணீராகக் கரைத்த பொலியூரிதீன் வார்னிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. அக்ஷன் உட்காரும் இரண்டு இடத்தையும் எபொக்சி விட்டுச் சமப்படுத்தி, இரு திருகாணியும் டோர்க் ரென்ச்சில் (முறுக்குவிசையை அளந்து பூட்டும் சாவி) 5 நியூட்டன் மீட்டருக்கு. டயல் கேஜ் முள் இப்போது 0.03.

மறுபடி 50 தோட்டா, அதே லொட். மையம் நகரவில்லை. சராசரி 20 மி.மீ. ஆனால் மேல்கீழ் நீட்சி அப்படியே.

போல்ட்

சுட்ட கோதுகளை (தோட்டாவின் பித்தளைக் கூடுகளை) வரிசையாக அடுக்கி விளிம்பில் ஊசி பதித்த தடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். .22 இல் பற்றவைக்கும் பற்றுமருந்துக் கலவை விளிம்பின் மடிப்புக்குள்ளே இருக்கிறது. அடி மெலிந்தால் பற்றும் வேகமும் மாறும். போல்ட் பிரிக்கப்பட்டது. ஊசிக் கூட்டுக்குள் பழைய கிறீஸ் தேன்பாகு போலத் தடித்து, அதில் மணல் துகள். கடற்கரை மண்ணில் படுத்துச் சுடும் துவக்குக்கு இது புதினமல்ல. மண்ணெண்ணெயில் கழுவி, முற்றாகக் காயவைத்து, கிறீஸ் இல்லாமல் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு துளி. ஊசிவில் பழையது என்பதால் புதியது போடப்பட்டது. ஊசி முனை சரி. அறை விளிம்பில் ஊசி அடித்த தழும்பும் இல்லை. வெறும் அறையில் விசையைத் தட்டித் தட்டிப் பழகும் இடங்களில் அந்தத் தழும்பு அடிக்கடி காணக்கிடைக்கும். கையேடு அனுமதித்தாலொழிய வெற்றுக் கோது இல்லாமல் அப்படிப் பழகக் கூடாது.

சராசரி 18 மி.மீ.க்கு இறங்கியது. முன்னேற்றம்தான், ஆனால் 20 இலிருந்து 18 தற்செயலாகவும் வரக்கூடியது. கொப்பியில் கேள்விக்குறியோடுதான் எழுதப்பட்டது.

கரிவளையம்

மூலகாரணம் அறையின் முன்முனையில், கோதின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தது. அங்கே கரி, ஈயம், மெழுகு, பற்றுமருந்துக் கலவையில் உள்ள கண்ணாடித்தூள் எல்லாம் சேர்ந்து வெந்து ஒரு வளையமாக இறுகும். கல் மாதிரி இறுகும். கைபேசியில் செருகும் 3.9 மி.மீ. எண்டோஸ்கோப்பில் அது கறுப்பு மோதிரம் போலத் தெரிந்தது, ஏறக்குறைய 2 மி.மீ. அகலம்.

கமெரா இல்லாதவருக்கும் வழி உண்டு. சுடுகோட்டில் ஒரு தோட்டாவை அறையில் ஏற்றி, சுடாமல் மெல்ல வெளியே எடுத்துச் சன்னத்தைப் பார்க்க வேண்டும். போட்டித் துவக்கின் அறை இறுக்கமானது. சன்னம் வரிப்பள்ளத்தில் (குழலுக்குள் சுழலாக வெட்டிய பள்ளம்) கொஞ்சம் கடித்து நிற்பது வழமை, ஆகவே சுற்றிவரச் சம இடைவெளியில் சின்னச் சின்னக் கீறல் இருந்தால் பயமில்லை. இங்கே அந்தக் கீறல்களுக்குப் பின்னால் சன்னத்தைச் சுற்றி முழு வளையமாக மெழுகு சுரண்டப்பட்டு, ஒரு பக்கம் ஈயம் பளிச்சென்று தெரிந்தது. சுரண்டிய மெழுகு கோதின் வாயில் பிதுங்கி நின்றது. ஐந்து தோட்டாவில் ஐந்தும் வேறு வேறு அளவுக்கு.

இலக்குச் சூட்டுக்கான .22 சன்னத்துக்குச் செப்பு உறை கிடையாது. வெறும் ஈயம், வெளியே மெழுகு. அந்த மெழுகுதான் குழலில் சீராகப் படிந்து ஒவ்வொரு சூட்டையும் ஒரே மாதிரி வழுக்கி விடுகிறது. வளையம் மெழுகை வழித்து, சன்னத்தை ஒரு பக்கமாக நெரித்தால், ஒவ்வொரு சன்னமும் வேறு அழுத்தத்தில் புறப்படும். மேல்கீழ்ச் சிதறலுக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவு கழுவியும் அது ஏன் போகவில்லை? அறையின் விட்டம் குழலின் விட்டத்தைவிடக் கூட. குழலுக்கு இறுக்கமான துணித்துண்டும் தூரிகையும் அறையில் தளர்வாகப் போய், வளையத்தைத் தொட்டும் தொடாமலும் தாண்டிவிடும். தேய்த்ததெல்லாம் குழலைத்தான். விளைவு இரட்டை நட்டம்: போக வேண்டிய கரி நின்றது, நிற்க வேண்டிய மெழுகுப் படிவு போனது. கழுவிய குழலில் முதல் பதினைந்து, இருபது சூடு அலைவது இயல்பு. ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டு வந்ததால் ஒவ்வொரு நாளும் அந்த அலைச்சலிலேயே தொடங்கியது. அக்கறையோடு செய்த வேலை இப்படித் திரும்பியது மனதுக்குக் கஷ்டமானது.

அகற்றிய முறை: போல்டின் இடத்தில் வழிகாட்டிக் குழாய் பொருத்தி, எப்போதும் அறைப்பக்கமிருந்துதான் தடியை விட வேண்டும். குழல்வாய்ப் பக்கமிருந்து விட்டால் தடி உரசி வாய் விளிம்பு தேயும், அதைத் திருத்தக் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கரிக்கென்று விற்கும் கரைப்பானில் நனைத்த துணித்துண்டை வளையம் இருக்கும் இடத்தில் 15 நிமிடம் ஊற விட்டு, ஓர் அளவு பெரிய, 6 மி.மீ. வெண்கலத் தூரிகையை அறைக்குள் மட்டும் நுழைத்து, வலஞ்சுழியாகக் கையால் பன்னிரண்டு சுற்று. இடஞ்சுழியாகத் திருகினால் தூரிகை தடியிலிருந்து கழன்று உள்ளே நிற்கும். துடைத்து, பார்த்து, மறுபடி. நான்காவது தடவையில்தான் வெள்ளை உலோகம் முழுதாகத் தெரிந்தது. இரும்புத் தூரிகை, தேய்பசை, துளைபொறியில் மாட்டிய தூரிகை மூன்றும் இங்கே ஆகாது. செப்புக்கென்று விற்கும் அமோனியாக் கரைப்பானாலும் பயனில்லை, கரைக்கச் செப்பே இல்லை.

பிறகு அதே லொட்டில் 25 தோட்டா, மெழுகுப் படிவு திரும்புவதற்காக மட்டும். அவை அளவில் சேர்க்கப்படவில்லை. அடுத்த 50 இன் சராசரி 13.5 மி.மீ. மிகப் பெரிய குறூப் 19. மேல்கீழும் இடம்வலமும் ஏறக்குறையச் சமம். இந்த இறக்கத்துக்குக் கேள்விக்குறி போடத் தேவைப்படவில்லை.

குழல்வாய் விளிம்பையும் பார்த்தாயிற்று: பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே சுற்றிவர இழுத்தபோது எங்கும் நூல் பிடிக்கவில்லை. துருக்குழியும் இல்லை. குழல் நல்ல குழல்தான்.

தோட்டா

கையிருப்பில் ஒரே பெயர் போட்ட பெட்டிகளில் மூன்று லொட் கலந்திருந்தது. கரிவளையம் போன பிறகு ஒவ்வொரு லொட்டிலும் 25 சூடு: இரண்டுக்கு இடையே வித்தியாசம் இல்லை, மூன்றாவது சராசரியில் 5 மி.மீ. அகலம். தகரக் கூரை அறையில் இருந்த பெட்டி அது. மெழுகு உருகி ஒரு பக்கம் வடிந்திருந்ததை விரலால் தொட்டே அறிய முடிந்தது. பங்குனி, சித்திரை வெயிலில் வாகனத்துக்குள் விட்டாலும் இதே கதிதான். அதிவேகத் தோட்டாவை இலக்குக்குப் பாவிக்க வேண்டாம். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர். 370, 380 இல் புறப்படும் சன்னம் இலக்கை அடையும் முன்னே ஒலிவேகத்தைக் கடந்து இறங்கி, அந்த இடத்தில் தடுமாறும். 325 இல் புறப்படுவதற்கு அந்தத் தொல்லையே கிடையாது.

கச்சானில் மறுசோதனை

ஜூனில், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது மீண்டும் சுடப்பட்டது. வடக்குப் பார்த்த சுடுதளம். காற்று இடப்பக்கப் பின்னாலிருந்து விட்டுவிட்டு அடிக்கும். விநாடிக்கு 1 மீட்டர் குறுக்குக் காற்றுக்கு 50 மீட்டரில் 5, 6 மி.மீ. விலகல். 3 மீட்டர் வேகத்துக்கு இரண்டு வளையம். குழலின் வரிப்பள்ள முறுக்கு வலப்பக்கமாக இருப்பதால் இடக்காற்று சன்னத்தை நேர் வலத்துக்குத் தள்ளுவதில்லை. கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் திசைக்கு, வலமும் கொஞ்சம் கீழுமாகத் தள்ளும். வலக்காற்று என்றால் பத்து மணித் திசை. இதைத் தெரியாதவர், கச்சானில் வரும் அந்தச் சாய்ந்த குறூப்பைப் பார்த்து மறுபடி கட்டையைக் கழற்றத் தொடங்குவார். கொடி மூன்றில் 10 மீட்டர்க் கொடிக்கே முதல் மதிப்பு. குழல்வாய்க்கு அருகே வாங்கிய தள்ளு இலக்குவரை கூடவே போகும்.

கொடி விழும் இடைவேளைகளில் மட்டும் சுட்ட ஐந்து குறூப்பின் சராசரி 15 மி.மீ.

இப்போதைய நடைமுறை

ஒவ்வொரு 200 தோட்டாவுக்கும் அறை மட்டும் கரைப்பானால் துடைக்கப்படுகிறது. குழலைக் கழுவுவதில்லை. சுட்டு முடிந்த அன்றே எண்ணெய்த் துணி ஒன்று, அடுத்த முறை சுடுமுன் காய்ந்த துணி இரண்டு. உப்புக் காற்றில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. துவக்கு ஸ்பொன்ஜ் பெட்டியில் வீடு வந்தாலும் அனுமதிப்பத்திர விதிப்படி பூட்டி வைக்கும் இரும்பு அலுமாரியில் மெத்தையில்லாமல் நிற்கிறது. கூடவே அரைக் கிலோ சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் அவணில் 110 பாகையில் இரண்டு மணித்தியாலம் காயவைத்து மீண்டும் வைக்கப்படுகிறது. மாதம் ஒரு தடவை காகிதக் கீற்றும் டோர்க் ரென்ச்சும்.

அடுத்த நவம்பர் மழையில் கீற்று அக்ஷன் வரை தடையில்லாமல் போனது. முதல் இரண்டு சூடு மட்டும் 5, 6 மி.மீ. தாழ்வாக விழுகிறது. எண்ணெய் தொட்ட குளிர்ந்த குழலில் அது எதிர்பார்க்க வேண்டியதே. சைட்டர் இலக்கில் (புள்ளி சேராத ஒத்திகை இலக்கு) ஐந்து தோட்டா போட்ட பிறகுதான் கணக்குச் சூடு தொடங்குகிறது.